எதற்கு விக், எதற்கு வெறும் கறுப்புச் சட்டை?

போன குளிர்காலத்தில் எங்கள் குழு, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் காப்பி காண்டாட்டாவை (வாத்தியங்களோடு பல உருப்படிகளாகப் பாடும் கதைப் பாட்டு) வேஷம் கட்டி மேடையேற்றியது. இடம், ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர் நூலகத்தின் மாடி அறை. கதையில் மகள் லீஸ்கெனாகப் பாடிய சோப்ரானோவுக்கு, அதாவது உச்சக்குரல் பாடகிக்கு, வாடகைக் கடையிலிருந்து ஒரு பாவாடை எடுத்திருந்தோம். இடுப்பின் இரண்டு பக்கமும் கூடையைக் கவிழ்த்த மாதிரி விரிந்திருக்கும். கதவில் நேராக நுழைய முடியாமல் பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே வந்தார். அதற்கே ஒரு கைத்தட்டல். நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி மெதுவாகக் கேட்டார்: “காப்பியை விடாவிட்டால் அகலப் பாவாடை வாங்கித் தர மாட்டேன் என்று அப்பா மிரட்டுகிறாரே, அதைத்தான் அவள் ஏற்கெனவே போட்டிருக்கிறாளே?”

யாரிடமும் பதில் இல்லை. பாட்டில் இருப்பது அதுதான்: “இந்தக் கால அகலத்துக்கு, திமிங்கிலத் தகடு வைத்த பாவாடை.” ஒரு மாதம் ஒத்திகை பார்த்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. கடையில் என்ன தொங்கியதோ அதை மாட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

இந்த வருஷமும் அதே அறை, அதே மாதம் கிடைத்திருக்கிறது. எதைப் பாடுவது என்று மூன்று வாரமாகச் சண்டை. கையில் இருப்பது ஒரு நல்ல சோப்ரானோ, ஒரு டெனர் (ஆணின் உயர்ந்த குரல்), பாஸ் (அடிக்குரல்) பாடும் நான், நடுவில் வரும் உள்குரலுக்கு இரண்டு பேர், நாலைந்து தந்தி வாத்தியம், ஒரு புல்லாங்குழல், இரவலாக வரும் ஹார்ப்சிகார்டு (பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியம்). பரோக் காலத்து, அதாவது பாக் வாழ்ந்த காலத்து, வேடிக்கைப் பாட்டுகளில் எதை எடுத்தாலும் பாஸ் பாடுகிறவன்தான் ஏமாறும் கிழவன். அதனால் எனக்கு இதில் சொந்த லாபம் ஒன்றும் இல்லை என்று நம்பிப் படிக்கலாம்.

மேடைக்கென்றே பிறந்தது வேண்டுமானால் இத்தாலியரான பெர்கோலேசியின் ‘லா செர்வா பத்ரோனா’வுக்கு (வேலைக்காரியே எஜமானி) பக்கத்தில் எதுவும் வராது. 1733, நேப்பிள்ஸின் சான் பார்த்தலோமியோ அரங்கு. அவருடைய பெரிய, சீரியஸான ஓபெரா ஒன்றின் அங்கங்களுக்கு நடுவில் இடைவேளைச் சரக்காக இரண்டு துண்டாக வந்தது. அவருக்கு அப்போது 23 வயது. 26 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். பெரிய ஓபெராவை இன்று யாரும் தேடுவதில்லை. இடைவேளைத் துண்டு 1752இல் பாரிஸுக்குப் போய், பிரெஞ்சு இசை உசத்தியா இத்தாலிய இசை உசத்தியா என்று ஊரையே இரண்டாக்கியது.

கதையில் மூன்றே பேர். எஜமான் ஊபெர்த்தோ, வேலைக்காரி செர்பினா, வாயே திறக்காத வேலைக்காரன் வெஸ்போனே. செர்பினா என்றால் குட்டிப் பாம்பு, வெஸ்போனே என்றால் பெருங்குளவி. திரை விலகும்போது ஊபெர்த்தோ மூன்று மணி நேரமாக ஒரு கோப்பை சாக்லேட்டுக்காகக் காத்திருக்கிறான். அவள் கொண்டு வரவில்லை. அப்புறம் வெஸ்போனேவுக்கே சிப்பாய் வேஷம் போட்டு, “இவர்தான் என் மாப்பிள்ளை, புயல் கேப்டன்” என்று கூட்டி வருகிறாள். வரதட்சிணை 4,000 ஸ்கூதி (அந்தக் காலத்து நாணயம்) கொடு, இல்லாவிட்டால் நீயே என்னைக் கட்டிக்கொள். கிழவன் கட்டிக்கொள்கிறான்.

இங்கே வேஷம் கதைக்குள்ளேயே நடக்கிறது. ஒருவன் சிப்பாய் உடுப்பில் வருவதுதான் கதையின் ஆணி. அதை உடையில்லாமல், கறுப்புக் கோட்டோடு நோட்டைப் பிடித்து நின்று பாடினால் பாதிக் கதை காணாமல் போகும். அதோடு, ஊபெர்த்தோ படுக்கையிலிருந்து எழுந்து வந்தவன், விக் தேவையில்லை. செலவு குறைவு.

சரி, அப்படியானால் அதையே எடுத்துவிட வேண்டியதுதானே? இரண்டு தடங்கல். முக்கால் மணி நேரத்தை இரண்டே குரல்கள் மனப்பாடமாகச் சுமக்க வேண்டும். அதில் கணிசமான பகுதி ரெசிட்டேட்டிவ், அதாவது தாளக்கட்டு இல்லாமல் பேச்சு ஓட்டத்தில் பாடுவது, அதுவும் வேகமான இத்தாலியில். இதை நோட்டைப் பார்த்துப் பாடினால் சண்டை போடுவது போல இருக்காது, அரசாங்கக் கடிதத்தை வாசிப்பது போல இருக்கும். எனக்கு ஆறு மாதமாவது வேண்டும். இருப்பது பத்து வாரம். இரண்டாவது தடங்கல் எங்கள் டெனர். அவருக்கு இதில் கிடைப்பது வெஸ்போனே, அதாவது ஒரு சுரம்கூட இல்லாத பாத்திரம். “நன்றாக நடிப்பீர்கள்” என்று சொல்லிப் பார்த்தோம். அவர் சிரிக்கவில்லை.

பாக்கின் காலத்து ஜெர்மன்காரர் டெலமானின் ‘பிம்பினோனே’ இதற்கு மூத்தது: 1725, ஹாம்பர்க். ஏறக்குறைய அதே கதை. இங்கே வேலைக்காரியின் பெயர் வெஸ்பெத்தா, குட்டிக் குளவி. பேச்சு ஜெர்மனில், பாட்டுகளில் சில இத்தாலியில். பெண்கள் வம்பு பேசுவதை பாஸ் பாடகன் கீச்சுக் குரலில் தானே பேசிக் காட்டும் ஒரு பாட்டுக்காகவே அதைக் கேட்கலாம். ஆனால் மூன்றாம் பகுதி முழுக்க, கல்யாணத்துக்குப் பிறகு பெண்டாட்டி ஆட்டி வைக்கிறாள் என்பதுதான் வேடிக்கை. அதற்கு இப்போது வயதாகிவிட்டது. பெர்கோலேசி கல்யாணத்தோடு நிறுத்திக்கொண்டது புத்திசாலித்தனம். பிம்பினோனே வேண்டாம் என்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டையே வரவில்லை.

பாக்கின் இன்னொரு நகைச்சுவை, விவசாயி காண்டாட்டா. லைப்சிக்கை ஒட்டிய கிளைன்ட்சோஹர் கிராமத்துக்குப் புதிய எஜமானாக ஃபான் டீஸ்காவ் வந்தபோது, 1742 ஆகஸ்ட் 30 அன்று பாடியது. அந்தக் கிராமம் இன்று நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரு விவசாயி, ஒரு பெண் மீக்கே, இரண்டே குரல். குட்டிக் குட்டியாக 24 உருப்படிகள். ஊர் ஆட்ட மெட்டுகளை அங்கங்கே வெட்டி ஒட்டியது போல ஒரு முன்னிசை. நடுவில் அருமையான ஒரு போட்டி இருக்கிறது: மீக்கே எஜமானின் ஊரை வாழ்த்தி நாசூக்காக ஒரு பாட்டுப் பாடுகிறாள். “இது பட்டணத்துப் பாணி, நமக்கு ரொம்பப் படித்த பாட்டு” என்று அவன் ஒதுக்குகிறான். எஜமானுக்குத் தினமும் பத்தாயிரம் டுகாட் (பொற்காசு) வரட்டும் என்று கொம்பு வாத்தியத்தோடு ஒரு முரட்டுப் பாட்டை அவன் எடுக்கிறான். “பெரிய மனுஷங்க இருக்காங்க, சிரிப்பாங்க” என்று அவள் தடுக்கிறாள். கடைசியில் அவனும் கஷ்டப்பட்டுப் பட்டணத்துப் பாட்டு ஒன்றைப் பாடுகிறான். அந்த மெட்டு, பாக் தம் பழைய காண்டாட்டா ஒன்றில் பான் என்ற காட்டுத் தேவனுக்குக் கொடுத்தது. அந்தக் கதையில் அப்போல்லோவோடு பாட்டுப் போட்டிக்குப் போய்த் தோற்றவன் அந்தப் பான். பட்டணத்துப் பாட்டு என்று விவசாயி பாடுவது, போட்டியில் தோற்ற பாட்டு!

பாருங்கள், விளக்கிச் சொல்ல எனக்கு ஒரு பத்தி ஆயிற்று. சிக்கல் அதுதான். மிச்சச் சிரிப்பு சாக்சனி வட்டாரப் பேச்சில் இருக்கிறது. வரி வசூல்காரனைப் பற்றிய குத்தல், அன்று முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கானது. வைக்கோல் தொப்பியும் மரக்காலணியும் போட்டு இதை எத்தனையோ பேர் ஆடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வைக்கோல் தொப்பி சொல்வது “இவன் கிராமத்தான்” என்பதை மட்டும். அதை முதல் வரியின் கொச்சையே சொல்லிவிடுகிறது. அந்தப் பேச்சு காதில் பழகாத ஊரில் இதை நான் எடுக்க மாட்டேன்.

இனி இத்தாலியின் பழைய குழுப்பாட்டுகள். எங்கள் உள்குரல்காரர்களின் கட்சி இது, நியாயமான கட்சி. மற்ற எதிலும் அவர்களுக்கு வேலை இல்லை. பொலோன்யாவைச் சேர்ந்த துறவி அத்ரியானோ பான்கியேரி 1608இல் வெளியிட்ட ‘ஃபெஸ்தீனோ’, நோன்பு தொடங்குவதற்கு முந்தைய வியாழக்கிழமை ராத்திரி விருந்துக்கு முன் பாடுவதற்கான பாட்டுக் கொத்து. அதில் ஒரு துண்டு ஊர் உலகமெல்லாம் தெரிந்தது: பாஸ் குரல் கோயில் பாட்டு மாதிரி இழுத்து இழுத்து ஒரு போலி லத்தீன் பாடுகிறது, கூனனையும் நொண்டியையும் நம்பாதே என்று. (அந்தக் காலத்துக் கேலி, இன்று அது லத்தீனிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.) அதன் மேல் நாய் குரைக்கிறது, பூனை மியாவ் என்கிறது, குயில் கூவுகிறது, ஆந்தை அலறுகிறது. எல்லாம் கச்சிதமான எதிர்சுர இலக்கணத்தில், அதாவது பல மெட்டுகளை ஒரே நேரத்தில் பின்னும் விதிகளின்படி. ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிடும்.

இதற்கு என்ன உடை? பூனை முகமூடி, நாய்க் காது என்று ஒரு யோசனை வந்தது. ஒத்திகையில் முயன்றும் பார்த்தோம். பூனைக் காதோடு ஒருவர் வந்து நின்ற உடனே எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பாட்டு தொடங்கியபோது சிரிப்பு மிச்சமில்லை. அடுத்த முறை ஐந்து பேரும் கறுப்புச் சட்டை, கையில் நோட்டு, முகத்தில் இழவு வீட்டுக் களை. முதல் “மியாவ்” வந்தபோது ஹார்ப்சிகார்டுக்காரர் நாற்காலியிலிருந்து விழாத குறை. மதிப்பாக நிற்கும் மனுஷன் வாயிலிருந்து பூனை வருவதுதான் அங்கே சிரிப்பு. பூனை வாயிலிருந்து பூனை வந்தால் என்ன இருக்கிறது?

இதை அந்தக் காலத்துக்காரர்களே அறிந்திருந்தார்கள். பான்கியேரிக்கு முன்னோடியான ஓராத்ஸியோ வெக்கியின் ‘லாம்ஃபிபர்னாசோ’ 1597இல் அச்சானது. இத்தாலிய முகமூடி நாடகத்தின் பந்தலோனே, ஸ்பானிஷ் கேப்டன் எல்லாம் வரும் முழு நாடகம். ஆனால் அதன் முன்னுரைப் பாட்டே, இந்தக் காட்சியை மனத்தால் பார்க்க வேண்டும், அது கண் வழியாக அல்ல, காது வழியாக உள்ளே வருகிறது, ஆகவே பார்ப்பதற்குப் பதில் கேளுங்கள் என்று சொல்லிவிடுகிறது. காரணமும் எளிது. ஒரு பாத்திரத்தின் பேச்சைப் பல குரல்கள் சேர்ந்து பாடுகின்றன. கிழவன் பந்தலோனேவின் உடையை அவர்களில் யாருக்கு மாட்டுவது? முன்னால் ஊமை நடிகர்கள் ஆட, பின்னால் குழு பாடுவது ஒரு வழி. ஆள் இருப்பவர்கள் செய்யலாம். பாடுகிறவர்களே தோல் முகமூடி மாட்டுவது வேறு கதை. அரை முகமூடி மேலுதட்டோடு நின்றுவிடும், வாய்க்குத் தடையில்லை. ஆனால் கண் துளை சின்னது. கீழே இருக்கும் நோட்டு தெரியாது. பக்கத்தில் நிற்பவர் மூச்செடுப்பதும் தெரியாது. வாத்தியத் துணையில்லாமல் ஐந்து பேர் ஒன்றாகத் தொடங்குவது அந்த மூச்சைப் பார்த்துத்தான்.

உடையைப் பற்றிப் பேசும்போதே சொல்லிவிடுகிறேன், போன வருஷம் அடிபட்டுக் கற்றது. காதை மூடும் விக் வைத்தால் சொந்தக் குரல் மண்டைக்குள் பெரிதாகவும் மற்றவர் குரல் சின்னதாகவும் கேட்கும். சுருதி மெல்ல நழுவும். கச்சையை இழுத்துக் கட்டினால் விலா விரியாது. பாடகி ஆழமாக மூச்செடுத்து நிற்கும்போது கட்டி, அந்த அளவிலேயே முடிச்சுப் போட வேண்டும். குதிகால் உயர்ந்த காலணி மரமேடையில் டொக் டொக் என்று தனி வாத்தியமாகிவிடும். அடியில் கொஞ்சம் தோல் ஒட்டினால் சரியாகும். இவ்வளவுதான். விக்கை விட்டுவிட்டால் கிழவனுக்கு என்ன என்று கேட்டால், அந்தக் காலத்து வீடுகளில் ஆண்கள் விக்கைக் கழற்றி வைத்துவிட்டு மெத்தென்ற ஒரு குல்லாயும் தொளதொள அங்கியும் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். அந்த அங்கிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் பானியன். நம் பனியனும் அந்தச் சொல்லின் உறவுதான். காது திறந்திருக்கும், வாடகையும் இல்லை, என் பழைய வீட்டு அங்கியே போதும்.

டெலமானின் கேனரி காண்டாட்டாவை யாருமே முதலில் பட்டியலில் வைக்கவில்லை. 1737. பூனை தின்றுவிட்ட, பாட்டில் தேர்ந்த ஒரு கேனரிக் குருவிக்கு ஒப்பாரி. ஒரே குரல், தந்தி வாத்தியங்கள், கிட்டத்தட்ட இருபது நிமிஷம். இசை அசல் துக்க இசை. தேவாலயத்தில் ஒரு பிரபுவுக்குப் பாடினாலும் பொருந்தும். “தின்னு, தொண்டை வீங்கத் தின்னு, வெட்கம் கெட்ட விருந்தாளியே” என்று சாவைப் பார்த்துத் திட்டும் இடத்தில்கூடப் பாடுகிறவர் சிரிக்கக் கூடாது. முடிவில் கல்லறை வாசகம் மட்டும் வட ஜெர்மன் பேச்சு வழக்குக்கு இறங்கி வருகிறது. இதற்கு வேஷம் என்றால் ஒரு கறுப்பு முக்காடு, கதவு திறந்த ஒரு காலிக் கூண்டு. பொம்மைக் குருவி கூடவே கூடாது. இறகு ஒன்று கீழே கிடக்கலாமா என்று இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. நான் வேண்டாம் என்கிறேன்.

மறுபடி காப்பிக்கு வருகிறேன். 1734 வாக்கில் எழுதியது. லைப்சிக்கின் கத்தரீனன் தெருவில் சிம்மர்மான் காப்பிக் கடை. பாக் நடத்திய மாணவர் இசைக் குழு குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை மாலை அங்கேதான் கச்சேரி செய்யும். இந்தக் காண்டாட்டா பிறந்ததும் அந்தக் குழுவுக்காகத்தான். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து அந்தக் கட்டடம் போய்விட்டது. ஆக, ஓபெரா மேடைக்கு எழுதியதல்ல. கோப்பைகளின் சத்தத்துக்கு நடுவில் பாட எழுதியது. முதல் வரியே “சத்தம் போடாதீங்க, பேசாதீங்க, என்ன நடக்குதுன்னு கேளுங்க” என்பதுதான். போன வருஷம் விளக்கை அணைத்து, எல்லோரும் மௌனமாக இருக்கும்போது டெனர் இதைப் பாடினார். யாரை அதட்டுகிறார் என்றே தெரியவில்லை. இந்த முறை விளக்கு எரியட்டும், ஆட்கள் நாற்காலி தேடிக்கொண்டிருக்கட்டும், அப்போதே தொடங்கிவிடலாம்.

பத்து உருப்படி. டெனர் முதலாவதையும் ஒன்பதாவதையும் பாடிவிட்டுப் பத்தாவதில் மற்ற இருவரோடு சேர்கிறார். நடுவில் ஏழு உருப்படிக்கு ஓரமாகத் தூண் மாதிரி நின்றார். பாட்டை மறுபடி படித்தபோதுதான் அவருக்கு வேலை கிடைத்தது. அப்பா ஷ்லெண்ட்ரியான் (பேரே ‘பழைய தடத்தை விடாதவர்’ என்ற மாதிரி) ஒவ்வொன்றாகப் பறிக்கிறார்: உலாப் போவது கிடையாது, பாவாடை கிடையாது, தொப்பிக்கு ரிப்பன் கிடையாது. மகள் அசைவதில்லை. தினம் மூன்று கிண்ணம் காப்பி இல்லாவிட்டால் வற்றிப்போன ஆட்டு வறுவல் மாதிரி ஆகிவிடுவாளாம். எல்லாவற்றிலும் சொன்னபடி கேட்பேன், காப்பியில் மட்டும் மாட்டேன் என்கிறாள். அப்படியானால் உனக்குக் கல்யாணமே கிடையாது என்றதும் ஒரே வரியில் கவிழ்கிறாள்: “ஐயோ அப்பா, மாப்பிள்ளை வேணும்!” (இந்த இடத்தில் திரையில் ஓடும் வசன எழுத்து பாடகியை முந்திவிட்டால் எல்லாம் போச்சு. அவர் வாய் திறந்த பிறகுதான் பட்டனைத் தட்ட வேண்டும். போன வருஷம் முந்திவிட்டது. தட்டியது யார் என்பது எங்களுக்குள் இருக்கட்டும்.)

அடுத்து எட்டாவது பாட்டு, “இன்றைக்கே அப்பா, இன்றைக்கே”. நடுப்பகுதி முடிந்ததும் முதல் பகுதி முழுசாகத் திரும்ப வரும். பரோக் பாட்டை மேடையேற்றும் எவரும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது: ஒரு தடவை சொன்ன வேடிக்கையை அப்படியே இன்னொரு தடவை எப்படிச் சொல்வது? விடை ஒன்பதாவதில் இருக்கிறது. அப்பா மாப்பிள்ளை தேடப் போயிருக்க, மகள் ரகசியமாக ஊரில் செய்தி பரப்புகிறாள் என்று டெனர் பாடுகிறார்: வேண்டும்போதெல்லாம் காப்பி போட்டுக்கொள்ளலாம் என்று கல்யாண ஒப்பந்தத்தில் எழுதித் தராதவன் வீட்டுப் படி ஏறக் கூடாது. இது டெனருக்கு எப்படித் தெரிந்தது? அவர் காப்பிக் கடைப் பணியாளர். ஆரம்பத்திலிருந்தே கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டு, அப்பா திரும்பும்போதெல்லாம் மகளுக்கு ஊற்றிக்கொண்டு அங்கேயே இருக்கிறார். எட்டாவது பாட்டை முதல் முறை அவள் அப்பாவிடம் பாடுகிறாள், பாடிக்கொண்டே தொப்பியையும் கோட்டையும் மாட்டி வெளியே தள்ளுகிறாள். திரும்ப வரும்போது அதே சொற்களைச் சபைக்குப் பாடியபடி, பணியாளரின் கையில் ஒரு சீட்டைத் திணிக்கிறாள். ஒன்பதாவதில் அவர் அதைப் பிரித்து வாசிக்கிறார்.

பாட்டின் சொற்களை எழுதிய பிக்காண்டர் 1732இல் அச்சிட்டதில் கதை எட்டாவதோடு முடிந்துவிடுகிறது. ஒன்பதும் பத்தும் அதில் இல்லை. பாக் கைவசம் வந்த பிறகு சேர்ந்தவை. அந்த ஒட்டுதான் டெனருக்கு ஒரு உருவம் கொடுக்கிறது. கடைசி மூவர் பாட்டு: பூனை எலி பிடிப்பதை விடாது, பெண்கள் காப்பியை விடமாட்டார்கள்; அம்மாவும் குடித்தாள், பாட்டியும் குடித்தாள், பிறகு மகளை யார் குறை சொல்வது?

இந்தப் பூனையில்தான் சண்டை தீர்ந்தது. பான்கியேரியின் பூனை ஒன்றரை நிமிஷம், ஐந்து கறுப்புச் சட்டை, உள்குரல்காரர்களுக்கும் வேலை. அடுத்து டெலமானின் பூனை தின்ற குருவி, அதே கறுப்பின் மேல் ஒரு முக்காடு. இடைவேளையில் எல்லோருக்கும் காப்பி. கிண்ணங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டே டெனர் “சத்தம் போடாதீங்க” என்று தொடங்குகிறார். அங்கிருந்து முழு வேஷம், பாக்கின் பூனை வரை. மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள். ஊபெர்த்தோவை நான் கோடையில் மனப்பாடம் செய்யத் தொடங்கினால் அடுத்த வருஷம் பார்க்கலாம்.

லீஸ்கெனுக்கு இந்த முறை சாதாரண பருத்திக் கவுனும் ஏப்ரனும்தான். அவள் கிண்ணத்தில் ஆறிய கறுப்புத் தேநீர். சூடான காப்பி குடித்து நீளச் சுரம் பாட எங்கள் பாடகி தயாரில்லை. அந்த அகலப் பாவாடை மூவர் பாட்டில் வரட்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: மாப்பிள்ளை தேடப் போன அப்பா, தோற்றுப்போய் ஒரு பெட்டியோடு திரும்பி வருகிறார், உள்ளே துணியில்லாத வெறும் வளையக் கூடு, பணியாளர் பாடிக்கொண்டே அதை அவள் கவுனின் மேல் கட்டிவிடுகிறார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு நாள் வாடகையா என்று பொருளாளர் கேட்கிறார். முன்வரிசைப் பாட்டியையே கேட்டுவிடலாமா என்று பேச்சு நடக்கிறது.